அடைமுட்டைக்கு அரசாங்கப் புகை

அரசாங்கம் எதையும் யோசிக்காமல் செய்வதில்லை. யோசித்த பிறகும் செய்வதில்லை. காரிமங்கலம் பக்கத்துக் கோழிநல மேம்பாட்டு அலுவலகத்தில் மட்டும் 1988இல் ஒரு காரியம் நடந்தேவிட்டது.

அந்த வருஷம் வெள்ளைக்கழிச்சல் நோயில் ஊர்க்கோழிகள் கழுத்து திருகிச் செத்தன. கோழி வளர்த்துப் பிழைத்த ராஜமேரிக்கு மிஞ்சியது ஒரு பெட்டைக்கோழியும் அது அடைகாத்த முட்டைகளும்தான்.

"ஐயா, குஞ்சு பொரிச்சதும் போட மருந்து வேணுங்க" என்று அலுவலகத்தில் போய் நின்றாள்.

அலுவலர் கிருஷ்ணப்பன் அப்போதுதான் பெங்களூர்க் கருத்தரங்கிலிருந்து திரும்பியிருந்தார். மருந்து இருக்க வேண்டிய பிரிட்ஜில் அவருடைய தயிர் இருந்தது.

"மருந்தெல்லாம் பழைய காலம்மா. முட்டைக்குள்ள வளர்ற குஞ்சுக்கு வாலடியில ஒரு பை இருக்குது. நோயை எதிர்க்கிற சக்தி அங்கதான் உருவாகுது. அதுல நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு வேலை செய்யுதாம்."

"செஞ்சிட்டுப் போவட்டுங்க. மருந்து?"

"அதே வாயு நம்ம ஜீப் புகையிலயும் இருக்குதும்மா!"

ராஜமேரிக்குப் புரியவில்லை. அதனால் "சரிங்க" என்றாள். நம் நாட்டில் திட்டங்கள் மக்களின் ஒப்புதலைப் பெறுவது இவ்வாறே.

மறுநாள் 'கருநிலை நோய்த்தடுப்புப் புகையூட்டு விழா'. வாழைமரம், மைக்செட், பொன்னாடை எல்லாம் உண்டு. முட்டைக்கூடையை ஜீப்பின் புகைக்குழாய்க்கு நேரே வைத்துச் சாக்கால் மூடினார்கள். பெட்டைக்கோழி டிரைவர் மாதுவைக் கொத்தியது. அத்தனை பெரிய கூட்டத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது அது ஒன்றே.

"ஐயா, முட்டை வெந்துடுமுங்க" என்றான் மாது.

"மிதிய்யா ஆக்சிலேட்டரை! நீ விஞ்ஞானியா, டிரைவரா?"

எல்லோரும் இருமிக்கொண்டே கைதட்டினார்கள்.

நாள் கடந்தும் எதுவும் பொரியவில்லை. ராஜமேரி ஒரு முட்டையைக் கொண்டுவந்து அலுவலர் மேசைமேல் உடைத்தாள். நாற்றம் தாங்காமல் குமாஸ்தாக்கள் வெளிநடப்பு செய்தார்கள்.

"எங்க வூட்டுக் குஞ்சுங்க எங்கீங்க?"

கிருஷ்ணப்பன் மூக்கைப் பொத்தியபடி விசாரணை நடத்தினார். "புகை போட்டதுல ஒரு குஞ்சாவது கழிச்சல்ல செத்துதா?"

"பொறந்தாத்தானேங்க சாவறதுக்கு!"

"சுத்தி வளைக்காத. செத்துதா, இல்லையா?"

"இல்லீங்க."

'திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி' என்று மேலிடத்துக்குத் தந்தி பறந்தது. பத்திரிகையிலும் வந்தது.

ராஜமேரி நியாயம் கேட்டு நம் விவசாயிகள் சங்கத்துக்கு வந்தாள். சங்கம் சும்மா இருக்குமா? பத்திரிகையைப் படித்த தலைவர் சவுரியப்பன் கொதித்தெழுந்தார். மறுநாளே சாலைமறியல். 'புகையில் பாரபட்சம் ஒழிக! புகையே காணாத வத்தல்மலைக்கும் ஜீப்பை அனுப்பு!' என்று தொண்டை கிழிந்தது. சாயங்காலத்துக்குள் அரசாங்கம் பணிந்து இன்னொரு ஜீப்புக்கு உத்தரவிட்டது.

மாலையும் கழுத்துமாக நின்ற தலைவரின் கையை ராஜமேரி பிடித்தாள்.

"அண்ணா, என் முட்டை?"

"போராட்டம் ஜெயிச்ச நேரத்துல சொந்தப் பிரச்சினையைக் கிளப்பாத தங்கச்சி" என்றார் சவுரியப்பன். "கோஷம் போடு."