மரம் மோதவில்லை

சிங்காநல்லூர் சென்னிமலைக் கவுண்டர் 1935-ம் வருஷம் தை மாதம் ஒரு கார் வாங்கினார். கார் வாங்கியவர்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியும் எடுப்பது அப்போது கோயமுத்தூரில் பரவியிருந்த நாகரிகம். கவுண்டரும் எடுத்தார். பாலிசி இங்கிலீஷில் இருந்தது. எழுத்துகள் எறும்பு முட்டை அளவு. இவ்வளவு சின்ன எழுத்தில் எழுதியிருந்தால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

சித்திரையில் குளத்து மேட்டில் ஓர் எருமை குறுக்கே வந்தது. டிரைவர் சின்னான் வண்டியை ஒடித்துத் திருப்பினான். எருமை பிழைத்தது. கார் புளியமரத்தில் மோதி, முகமே இல்லாமல் போயிற்று. பின்சீட்டில் இருந்த கவுண்டரின் மனைவி பழனியாத்தாளுக்கு இடது கை முறிந்தது.

கட்டுப்போட்ட கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு கவுண்டர் கம்பெனி ஆபீசுக்குப் போனார்.

"தங்கள் விபத்துக்குக் கம்பெனி தன் ஆழ்ந்த வருத்தத்தைப் பதிவு செய்கிறது," என்றார் அதிகாரி. "ஆனால் இது மோதல் அல்ல."

"மரத்துல மோதித்தானுங்களே வண்டி நசுங்குச்சு?"

"மோதலுக்கு இரண்டு தரப்பு வேண்டும். மரம் மோதவில்லை. சும்மா நின்றது."

"மரம் வந்து மோதியிருந்தா?"

"அது தெய்வச் செயல். பன்னிரண்டாம் ஷரத்துப்படி விலக்கு."

"எருமை மோதியிருந்தா?"

"பரிசீலிக்கலாம். எருமைக்கு லைசென்ஸ் இருக்கிறதா?"

"என்ற கைக்கு என்னங்க வழி?" என்றாள் பழனியாத்தாள்.

அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினார். "காரின் பாகங்களில் கை இல்லையே, அம்மா."

"அப்ப இந்தக் காயிதம் ஆரைத்தானுங்க காப்பாத்துது?" என்று அவளே கேட்டாள்.

"கம்பெனியை," என்றார் அதிகாரி. கேட்கத் தெரிந்து ஒருவர் கேட்டாரே என்ற சந்தோஷம் அவருக்கு.

மனைவி முன்னால் பட்ட அவமானம் கவுண்டரைத் தூங்க விடவில்லை. வக்கீல் திருமலைசாமியை வைத்து ஒன்பது நாளில் நாற்பத்திரண்டு ஷரத்துகளையும் படித்துப்போட்டார். திரும்பப் போய் அதிகாரியிடம் வரிசையாக ஒப்பித்தார். அதிகாரிக்கு வியர்த்தது. மேலிடத்துக்குக் கடிதம் பறந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "இந்த ஜில்லாவில் பாலிசியை முழுதும் படித்தவர் தாங்கள் ஒருவரே. இத்தகையவர் வெளியே நடமாடுவது உசிதமல்ல. ஆகையால் தங்களைக் கம்பெனியின் பிரதிநிதியாக நியமிக்கிறோம்."

"வேண்டாமுங்க, பாவமுங்க," என்றாள் பழனியாத்தாள்.

"நான் போகாட்டி வேறெவனாச்சும் போவான், அம்மணி," என்றார் கவுண்டர்.

அவள் கைக்கட்டு அவிழ்வதற்குள் முப்பது பாலிசி விற்றார். பெரியநாயக்கன்பாளையத்தில் பாலுசாமி என்ற பஞ்சு வியாபாரி மட்டும், "படிச்சுப் பாக்கோணுமுங்களா?" என்று இழுத்தார்.

"ஏனுங்க, என்ற மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றார் கவுண்டர், நிஜமாகவே மனம் நொந்து.

பாலுசாமி வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நானும் போட்டேன். எனக்குக் கார் கிடையாது. ஆனாலும் இந்தக் காலத்தில் பாலிசிகூட இல்லாதவன் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.