பதினாறு தளமும் ஒரு பெண்டாட்டியும்

ஏழு நாள். சாப்பாட்டு நேரம் தவிர மனைவி டோரீனின் குரல் காதில் விழக்கூடாது. ஃபுளோரிடாவில் கப்பல் ஏறும்போதே ஹார்லன் சபதம் எடுத்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் நெப்ராஸ்காவில் டிராக்டர் விற்ற மனுஷன். பகலெல்லாம் கடையிலேயே கிடந்ததால் கல்யாணம் தாக்குப்பிடித்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் வீட்டில் ஒருத்தி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது.

பயண ஏற்பாடு டோரீனுடையது. பதினாறு தளம் என்றதும் ஹார்லன் மறுபேச்சில்லாமல் பெட்டி கட்டினார். அத்தனை பெரிய கப்பலில் ஒரு கிழவன் ஒளிய இடமா இல்லை?

"கப்பலைச் சுத்திப் பாத்துட்டு வரேன். ஒரு நாள்ல முடியாது போலிருக்கு."

"தாராளமா போங்க."

"நீயும் வரலாம். முட்டிதான் வலிக்கும் உனக்கு."

"வலிக்கும், வலிக்கும்." அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் அவள் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். "பதினாலாவது தளம், முன்பக்கம், பாறை ஏறுற சுவர் இருக்காம். பாத்துட்டு வந்து சொல்லுங்க. மத்தியானம் அங்கேயே ஒரு பர்கர் சாப்டுக்கோங்க. எனக்காக ஓடி வராதீங்க."

இவ்வளவு அப்பாவியா இவள்! ஹார்லன் நேரே புத்தக அறைக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டார். சாயங்காலம் சுவரைப் பற்றி அளந்தார்.

"என்னா உயரம்கிற! கீழே பாத்தா தலை சுத்துது."

"நீங்க ஏறினீங்களா?"

"பின்னே?"

மறுநாள் முன்பக்கத்திலேயே இன்னொரு வட்டம், இன்னொரு புளுகு. நாலு நாள் சொர்க்கம்.

ஐந்தாம் நாள் புத்தக அறை ஜன்னலுக்கு வெளியே டால்பின் கூட்டம் துள்ளியது. "அங்க பாரு டோரீன்!" என்று திரும்பினார். பக்கத்தில் காலி நாற்காலி. டால்பினைப் பற்றி யாரிடம் சொல்வது?

அறையில் அவள் இல்லை. நீச்சல் குளத்தருகே இல்லை. அன்றைக்குத்தான் ஹார்லன் நிஜமாகவே கப்பலைச் சுற்றினார். தளம் தளமாக இறங்கி, மூச்சு வாங்கி, மூன்றாம் தளத்தின் பின்கோடியில் ஒரு சிரிப்பைக் கேட்டார். டோரீனின் சிரிப்பு. வீட்டில் அதைக் கேட்டு எத்தனை வருஷம்! வட்ட மேசையில் எட்டுப் பேர். வாசல் பலகையில், 'தனியாகப் பயணம் செய்வோர் மதிய விருந்து.'

"டோரீன்!"

பக்கத்திலிருந்த சிவப்புத் தொப்பிக்காரி நிமிர்ந்தாள். "இவருதானா அது? புத்தக அறையில வாயைப் பொளந்துட்டுத் தூங்குறவரு?"

ஹார்லன் டோரீன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். குளிருமேன்னு போர்வை போத்திவிட்டது யாருன்னு நெனச்சீங்க?"

"அப்புறம் எதுக்கு தினம் முன்பக்கமே அனுப்பின?"

"விருந்து பின்பக்கம்ல?"

"இது தனியா வந்தவங்க மேசை. நீ புருஷனோட வந்தவ!"

"அப்படியா?" டோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "முப்பத்தெட்டு வருஷமா எனக்கு அது தெரியாமப் போச்சே."

ஹார்லனுக்குக் கால் வலித்தது, அதைவிட வேறெங்கோ வலித்தது. காலியாக இருந்த நாற்காலியை இழுத்தார். பரிமாறுகிறவர் ஓடி வந்தார்.

"மன்னிக்கணும் சார். தனியா வந்தவங்களுக்கு மட்டும்தான்."

"உக்கார விடுங்க, பாவம்," என்றாள் டோரீன். "அவருக்கும் யாரும் கிடையாது."