சங்குமுகத்தில் விட்டதை மியூசியத்தில் பிடித்த தாணு

ஆரியசாலையில் வெங்காய மண்டி வைத்திருக்கும் தாணுமாலயனை டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நடப்பதெல்லாம் கேவலம் என்று, நாற்பத்தாறாவது வயதில், தாணு ஓடவே தீர்மானித்துவிட்டார். அதுவும் ஐந்து கிலோமீட்டர் பந்தயம். பயிற்சி நான்கே நாள். ஷூ மட்டும் கிளிப்பச்சை.

ஞாயிறு விடிகாலை, சங்குமுகம் கடற்கரையில் முந்நூறு பேரோடு கிளம்பினார். முதல் நூறு மீட்டர் புலி. அடுத்த நூறு பசு. அதற்கப்புறம் வெங்காய மூட்டை. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "அங்கிள், சைடு!" என்று சொல்லித் தாண்டிப் போனாள். பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் டிரைவர், கேட்காமலே கதவைத் திறந்தார். தாணு, கேள்வி கேட்காமலே ஏறிக்கொண்டார்.

வீட்டு வாசலில் மனைவி அஜிதா.

"என்ன, ஓட்டப்பந்தயம் முடிஞ்சுதா?"

"ஓட்டைப்பந்தயம்! ரோடு பூரா குழி. ஷூ கடிக்கி. கடல்காத்து எதுத்து அடிக்கி."

"பின்னே மத்தவங்களுக்கெல்லாம் முதுகுலயா அடிச்சுது?"

மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது தடவை வைத்த சோறு. ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். ஆனால் மானம் போகாமல் விட வேண்டும். பப்படத்தை நொறுக்கும்போது பளிச்சென்று யோசனை உதித்தது. அஜிதாவை ஓட விட்டால்? பாதிச் சுற்றில் அவள் உட்கார்ந்துவிடுவாள். கூடவே தானும் உட்கார்ந்து, 'நம்ம வீட்டு உடம்புக்கு ஓட்டம் ஒத்துக்காது' என்று இரண்டு பேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடலாம்!

"வாய் பேசுதியே, நாளைக்கு ஹர்த்தால், கடை கிடையாது. மியூசியம் பார்க்குல என்கூட ஓடிப் பாரு, தெரியும்!"

"ஐயோ, நானா? எனக்கு எங்கே வரும்?"

"வராதுல்லா? அதான் வான்னு சொல்லுதேன்!"

மறுநாள் காலை மியூசியம் வளாகத்தில் இருவரும் கிளம்பினார்கள். திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது. பாதிச் சுற்றில் அஜிதா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியல… நீங்க போங்க…"

இப்போது தாணுவும் உட்கார வேண்டியதுதான். ஆனால் உட்காரவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஆளைத் தாண்டியிருக்கிறார்! கால் நிற்குமா? ஒரு சுற்று. அடடா! இரண்டு. மூன்று. ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் கிடந்த அஜிதாவைத் தாண்டும்போது நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. ஐந்தாவது சுற்றில் ஒரு நாயையும் முந்தினார். நாய் தூங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் முந்தியது முந்தியதுதான்.

"பாத்தியா? அஞ்சு!"

"அம்மாடி! எனக்கும் இப்படிச் சொல்லித்தர ஒரு ஆள் இருந்தா…"

"நான் இருக்கேன்! தினமும் காலையில அஞ்சரைக்குக் கூட்டிட்டு வாரேன்."

"நாளைக்கு மறந்திருவிய."

"பத்மநாபசாமி மேல சத்தியம்! ஒரு நாளும் தப்பாது, போதுமா?"

"போதும்."

அப்போது அடுத்த வீட்டு ஓமனா வியர்க்க வியர்க்க ஓடி வந்து நின்றாள்.

"எந்தா அஜிதே, இன்னைக்கு இங்கே இருந்துட்டே? தினமும் என்னைப் பத்து ரவுண்டு இழுத்தடிக்கிறவளாச்சே!"

தாணு மனைவியைப் பார்த்தார். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"தினமுமா?"

"நீங்க மண்டிக்கு லோடு இறக்கப் போனப்புறம்தான். எட்டு மாசமாச்சு." அஜிதா எழுந்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள். செருப்பைக் கழற்றி அவர் காலடியில் ஒழுங்காக வைத்தாள்.

"ஒரு பத்து ரவுண்டு போயிட்டு வந்திருதேன், ஆசானே. அதுவரைக்கும் செருப்பைப் பாத்துக்கிடுங்க."