முட்டிவலிக்கு இரண்டு மடங்கு

“சார், எனக்கு ஃபார்ம் போச்சா?”

பணிப் பட்டியலைப் பலகையில் குத்திவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிரே முட்டிவலி நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர்.

லிஸ்ட் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. லிப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில், எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று தினமும் பட்டியல் போடுவதுதான் அவர் வேலை. பதினான்கு வருடமாகப் போடுகிறார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். மெக்கானிக்குகளுக்கும் அப்படியே. மண்டியிட்டு வேலை பார்த்தே முட்டி போனவர் முட்டிவலி. லிப்ட் வாசலில் குனிந்து நுழைபவன் நெட்டை. எதற்கும் வாய் திறக்காதவர் மௌனம். எப்போதும் வாய் திறந்திருப்பவன் கொட்டாவி.

“என்ன ஃபார்ம்? லீவு ஃபார்மா?”

“‘முட்டிவலி, ஃபார்ம் போச்சு, வேண்டாம்’னு எழுதி ஒட்டிட்டீங்களே சார். பதினேழு வருஷ சர்வீஸ். ஒரே வார்த்தையில வேண்டாமா?”

லிஸ்ட் சார் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து விரித்தார். அதில் இன்றைய மாலை ஷிப்ட் பணிப் பட்டியல் பத்திரமாக இருந்தது. அப்படியானால் பலகையில் குத்தியது?

நெஞ்சுக்குள் ஒரு லிப்ட் கயிறறுந்து இறங்கியது.

பலகையில் இருந்தது அவருடைய கிரிக்கெட் டீம். ஆட்டம் தொடங்குமுன், மோதுகிற இரண்டு அணிகளிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி போனில் பதிய வேண்டும். அவர்கள் அடிக்கிற ஓட்டத்துக்கும் எடுக்கிற விக்கெட்டுக்கும் புள்ளி. நாம் கேப்டன் ஆக்கியவருக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. யாருடைய டீம் அதிகப் புள்ளி எடுக்கிறதோ அவர்களுக்குப் பணம். தினமும் ஒரு போட்டி. தினமும் நுழைவுக் கட்டணம்.

லிஸ்ட் சார் இதைச் சூதாட்டம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். அவரிடம் முறை இருந்தது. காற்றுக்கு ஒரு நோட்டு, ஆடுகளத்துக்கு ஒரு நோட்டு, வீரர்களின் உடம்புக்கு ஒரு நோட்டு. மூன்று மாதமாகத் தோற்பதுகூட அந்த நோட்டுகளில் முறையாகத்தான் பதிவாகியிருந்தது.

வீட்டில் மாட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு ரகசியமும் வைத்திருந்தார். வீரர்களின் பெயரை எழுதவே மாட்டார். உயரமான பந்துவீச்சாளர் என்றால் நெட்டை. முழங்காலில் கட்டுப் போட்டு ஆடுபவர் முட்டிவலி. தாள் மனைவி கையில் கிடைத்தாலும் ஆபீஸ் பட்டியல் என்றுதான் நினைப்பாள். அவளுக்குக் கிரிக்கெட்டும் தெரியாது. ஸ்டம்ப் எத்தனை என்று ஒருமுறை கேட்டதற்கு, “இருக்கறதை வச்சு ஆடட்டும்” என்றவள்.

ஆனால் இன்றைக்குப் பெரிய போட்டி. கட்டணமும் பெரிது. வாஷிங் மெஷினுக்காக அவள் சேர்த்து வைத்திருந்த உறையிலிருந்து பாதியை எடுத்துக் கட்டியிருந்தார். நாளை சாயங்காலம் இருவரும் கடைக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குள் உறை நிரம்பியாக வேண்டும். டீமைக் காலையிலேயே போனில் பதிந்துவிட்டார். ஆட்டம் நான்கு மணிக்கு. இப்போது மணி மூன்றரை.

பலகைக்கு ஓடினார். அங்கே கூட்டம்.

“மடங்குன்னு போட்டிருக்கே, சம்பளமா சார்?” என்றான் கொட்டாவி. “எனக்கு ஒன்றரையா?”

உண்மையைச் சொல்லலாம். ஆனால் வேலை நேரத்தில் இந்த விளையாட்டில் பிடிபட்டால் வேலையே போகும் என்று மேனேஜர் சுற்றறிக்கை விட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. அதைப் பலகையில் குத்தியவரும் லிஸ்ட் சார்தான்.

“இது சோதனைப் பட்டியல்ப்பா. அடுத்த மாசத்துக்கு. இன்னிக்கு உள்ளது இதோ,” என்று பையிலிருந்ததை எடுத்துக் குத்தினார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

“அப்ப அடுத்த மாசம் நான் கிடையாதா?” முட்டிவலி சத்தமாகவே அழுதார்.

“அடடா, அழாதீங்க. உங்களைச் சேர்த்துட்டேன். போதுமா?” பேனாவை எடுத்து முட்டிவலியைப் பட்டியலில் எழுதினார். பதினோரு பேர்தான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில், சண்டைக்கு வரமாட்டார் என்ற நம்பிக்கையில், மௌனத்தை அடித்தார்.

“என்னை எதுக்கு அடிச்சீங்க?”

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது மௌனம். அந்தக் குரலை லிஸ்ட் சார் இதுவரை கேட்டதே இல்லை. நல்ல கனமான குரல்.

“கேட்கத்தானே செய்யறேன்? நாலு வருஷமா வாயைத் திறக்காம உழைச்சதுக்கு இதுதான் மரியாதையா? இதை நான் சும்மா விடப் போறதில்ல. யூனியனுக்குப் போவேன்.”

“போக வேணாம், போக வேணாம். வேற யாரையாவது...”

“என்னைத் தூக்கிடுங்க சார்,” என்றான் கொட்டாவி, வாயை மூடிக்கொண்டு. “ஒன்றரை மடங்கெல்லாம் எனக்குச் சரிப்படாது. தூக்கம் கெட்டுடும். அதை மௌனம் அண்ணனுக்குக் கொடுங்க.”

“எனக்கும் கேப்டன் வேணாம்,” என்றான் நெட்டை. “இப்பவே எல்லா லிப்டுலயும் தலை இடிக்குது. ரெண்டு மடங்கு வேற சேர்ந்தா தலைக்கனம் தாங்காது. முட்டிவலி அண்ணனே இருக்கட்டும்.”

சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்கிற ஆட்களை லிஸ்ட் சார் பதினான்கு வருடத்தில் பார்த்ததில்லை. நல்ல மனசுக்காரர்கள் என்று நெகிழ்ந்தார். எல்லாவற்றையும் அப்படியே எழுதினார். கேப்டன் முட்டிவலி. வைஸ் கேப்டன் மௌனம். கொட்டாவி வெளியே.

“சரியா? கிளம்புங்க. லிப்டுக்குள்ள ஜனங்க காத்திருக்காங்க.”

யாரும் நகரவில்லை.

“பேப்பர்ல மாத்தினா ஆச்சா?” என்றார் மௌனம். இத்தனை வருட மிச்சத்தை இன்றைக்கே பேசித் தீர்ப்பவர் போலிருந்தது. “போன்ல மாத்துங்க.”

“போன்லயா?”

“ஹெட் ஆபீசுக்குப் போன்லதானே அனுப்புவீங்க? நாங்க பார்க்க மாத்துங்க.”

மணி மூன்று நாற்பது. லிஸ்ட் சார் சட்டென்று கணக்குப் போட்டார். இப்போது மாற்றிக் காட்டுவோம். இவர்கள் போனதும் பழையபடி போட்டுவிடுவோம். நான்கு மணிவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாமே. உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டு, முட்டிவலியைக் கேப்டனாக்கி, கொட்டாவியை எடுத்து எறிந்து, சேமித்தார்.

“முடிஞ்சுது. திருப்தியா?”

“ரொம்ப நன்றிங்க சார்.” முட்டிவலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட துள்ளிக்கொண்டு போனார்.

மணி மூன்று நாற்பத்தெட்டு. லிஸ்ட் சார் போனை மறுபடி எடுத்தார். வரவேற்பு மேசையிலிருந்து ஹலோ கூப்பிட்டாள். நாளெல்லாம் போன் எடுப்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

“சார், மேனேஜர் உடனே வரச் சொன்னாரு. உடனேன்னாரு.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

“நான் கூப்பிடலையே,” என்றார் மேனேஜர். “சரி, வந்ததுதான் வந்தீங்க, உட்காருங்க. போன வருஷம் ஒன்பதாவது மாடியில மாட்டிக்கிட்டேனே, அந்தக் கதையை உங்ககிட்ட சொல்லிட்டேனா?”

“சொல்லிட்டீங்க சார்.”

“முழுசாச் சொல்லியிருக்க மாட்டேன்.”

முழுதாகவே சொன்னார். லிப்ட் ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது சுவர்க் கடிகாரத்தில் நான்கு அடித்தது. மேனேஜர் ஒன்பதாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்து, மாட்டி, மீண்டு வந்தபோது நான்கு இருபது.

போட்டி பூட்டப்பட்டிருந்தது. மெக்கானிக்குகள் அழுது அடம்பிடித்துத் தேர்ந்தெடுத்த டீம், வாஷிங் மெஷின் பணத்தின் மேல் ஏறி நின்றது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் துணிந்து ஸ்கோரைப் பார்த்தார். கொட்டாவி முதல் பந்திலேயே அவுட். நெட்டையின் பந்துகளைப் பாரபட்சமில்லாமல் எல்லோரும் அடித்திருந்தார்கள். மௌனம் நான்கு விக்கெட். முட்டிவலியோ நொண்டி நொண்டியே தொண்ணூற்றிரண்டு ஓட்டம். அதில் பாதிக்குமேல் ஓடவே தேவையில்லாத சிக்ஸர்கள்.

ஆயிரக்கணக்கானவர்களில் லிஸ்ட் சார் ஏழாவது. அன்றைக்கே உறை நிரம்பியது. கொஞ்சம் பிதுங்கவும் செய்தது. மறுநாள் கடைக்குப் போனார்கள். மனைவி கேட்டதைவிட ஒரு சுற்றுப் பெரிய மெஷினாக வாங்கிக் கொடுத்தார். அவள் ஏன் எதற்கு என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாவம், வெகுளி.

அதற்கு மறுநாள் காலை ஆபீசுக்குள் நுழையும்போது அவர் நடையே மாறியிருந்தது. யோசித்துப் பார்த்ததில் எல்லாம் தெளிவாகிவிட்டது. கடைசி நேரத்தில் நெருக்கடிக்கு அஞ்சாமல் டீமை மாற்றியது யார்? அவர்தானே? மூன்று நோட்டுகளும் இரத்தத்தில் ஊறி, பேனா வழியாகத் தானே இறங்கியிருக்கின்றன. நான்காவதாக ஒரு நோட்டு வாங்கத் தீர்மானித்தார். இன்றைய டீமைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வரவேற்பு மேசையைக் கடந்தபோது, ஹலோ அவருக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு, அக்கா. இன்னிக்கு மேட்ச்சுக்கு டீமைச் சொல்லுங்க, யாரைச் சேர்க்கணும், யாரைத் தூக்கணும்... அப்படியே, யாரு அழணும்னும் சொல்லிடுங்க.”