நாற்பது பொம்மைகளும் ஓர் இரங்கல் தந்தியும்

மார்ச் 8

மதிப்பிற்குரிய தமாயோ அக்காவுக்கு, தம்பி தொகுஜி தலை வணங்கி எழுதுவது.

பிளம் பூக்கள் கொட்டி முடிந்து, செர்ரி மொட்டுகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் இந்த நாட்களில், உங்கள் மூட்டுவலி குளிரோடு சேர்ந்து கிளம்பிப் போயிருக்கும் என்று நம்புகிறேன். அத்தானின் இருமலையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். என் மனைவி நொபுகோவின் மறைவுக்கு நீங்கள் அனுப்பிய இரங்கல் தந்தி கிடைத்தது. வெள்ளைச் செவ்வந்திக் கூடையும் வாடாமல் வந்து சேர்ந்தது. தந்தியை நொபுகோ மூன்று தடவை படித்தாள். அவள் நலம்.

இதைப் படித்ததும் உட்கார்ந்திருப்பீர்கள். அப்படியே உட்கார்ந்திருங்கள், கடிதம் கொஞ்சம் நீளம். ‘எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த மாணிக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். ‘அவள் கை ஊறுகாய்க்கு இந்த உலகத்தில் ஈடு கிடையாது’ என்றும் எழுதியிருந்தீர்கள். போன புத்தாண்டுக்கு வந்தபோது உப்புக் கரிக்கிறது என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கினீர்களே, அதே ஊறுகாய்தான். நொபுகோ அந்தத் தந்தியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். எடுத்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன், அவள் காதில் வாங்கவில்லை. எனவே நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜனவரியில் பின்வாசல் படியில் உறைபனி இருந்தது தெரியாமல் கால் வைத்து நொபுகோ வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள், ஏப்ரல் வரை கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதுவரை உங்களுக்கும் தெரியும். தெரியாதது, ஹினா பண்டிகைச் சந்தையில் கோயில் படிக்கட்டுக்குக் கீழே கல்விளக்கை ஒட்டி, இருபத்தாறு வருஷமாக அவள் காகிதப் பொம்மை விற்கும் மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு என்பது. சந்தை திறக்கும் காலையில் வீட்டிலேயே செய்த நாற்பது பொம்மைகள் அதில் நிற்க வேண்டும், அன்று சந்தை மூடும்வரை விற்கிற பொருள் இல்லாமல் மேஜை காலியாகக் கிடக்கக் கூடாது, கிடந்தால் இடம் வரிசையில் அடுத்தவருக்கு. அடுத்தவர் ஓனுகி அம்மாள், கம்பளி நூலில் பூனை பின்னி விற்பவர். பதினோரு வருஷமாகக் கழிவறைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எங்கள் கல்விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பவர். கட்டுப் போட்ட மறுநாளே பழத்தோடு வந்தார். “எலும்பு கூடறதுக்கு நாளாகும், அவசரப்படாதீங்கம்மா. ஒரு வருஷம் கடை போடலைன்னா குடியா முழுகிடும்?” என்று தேனாகப் பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நொபுகோ பழத்தைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, அக்கா. எனக்குத் தாங்கவில்லை. நாற்பதையும் நான் செய்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாற்பது வருஷமா உங்க டையைக் கட்டி விட்டது யாருங்க?” என்றாள். பொம்மைக்கு டை கிடையாது என்று நான் சொன்னேன்.

முப்பத்தெட்டு வருஷம் ரயில் நடைமேடையில் நின்றவன் நான். விரலை நீட்டிக் காட்டி, ‘சிக்னல், சரி. கதவு, சரி’ என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு வண்டியைக்கூட அனுப்பியதில்லை. பொம்மையையும் அப்படித்தான் செய்தேன். மாடியில் சாமான் அறையை ஒழித்து, மேஜை போட்டு, தலை, சரி, கொண்டை, சரி, இடுப்புப் பட்டை, சரி என்று விரல் நீட்டிச் சொல்லிச் சொல்லி ஒட்டினேன். முதல் பன்னிரண்டுக்குக் கழுத்து நிற்கவில்லை, பசை காய்ந்ததும் எல்லாம் ஒன்றாகக் குனிந்து எனக்கு வணக்கம் சொல்லின. கொண்டைக்கு வெட்டிய கறுப்புச் சுருக்குக் காகிதம் ஈரக் கையில் சாயம் விட்டு, நான் ஒரு வாரம் கரி அள்ளுகிறவனைப் போலத் திரிந்தேன். சோற்றுப்பசையைச் சமையலறையில் கிண்ணத்தில் ஆற வைத்துவிட்டு மாடிக்குப் போன நேரத்தில், தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை கொண்டு வந்த பக்கத்து வீட்டு இசோபே அதைக் கஞ்சி என்று நினைத்து உப்புப் பிளம் ஒன்றைப் போட்டுக் குடித்துவிட்டார். “நல்லா வழவழன்னு தொண்டையில இறங்குது, அடுத்த தடவை உப்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடுங்க” என்று பாராட்டு வேறு. நொபுகோ எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இடது கையால் கத்தரிக்கோலைப் பிடுங்கப் பார்த்ததால், நாற்பதும் முடியும்வரை மாடிப்படி ஏறவே கூடாது என்று அவளுக்குத் தடை போட்டேன். எல்லாக் கேட்டுக்கும் அந்தத் தடைதான் ஆரம்பம்.

கிமோனோவின் இடது மடிப்பு வலது மடிப்புக்கு மேலே வர வேண்டும், செத்தவர்களுக்கு மட்டும்தான் மாற்றி உடுத்துவோம், இதை உங்களுக்கா நான் சொல்ல வேண்டும், பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் திடீரென்று ஒரு சந்தேகம், இடது என்றால் யாருடைய இடது, எனக்கா அதற்கா. கீழே போய் நொபுகோவைக் கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால் என் கிமோனோவையே ஒழுங்காக உடுத்திக்கொண்டு, குளியலறைக் கண்ணாடிமுன் நின்று, அதில் தெரிந்ததை அப்படியே படமாக வரைந்து, மேஜைக்கு மேலே ஒட்டி, விரல் நீட்டி ‘மடிப்பு, சரி’ என்று நாற்பது தடவை சொல்லி நாற்பது பொம்மைகளுக்கும் உடுத்தினேன். கண்ணாடி இடதை வலதாகக் காட்டும் என்பது முப்பத்தெட்டு வருஷம் கண்ணாடி பார்த்துத் தொப்பி சரிசெய்தவனுக்குத் தோன்றவில்லை.

சந்தை திறந்த அன்று நொபுகோவுக்கு மருத்துவரிடம் முறை இருந்தது. நான் மட்டும் போய் நாற்பதையும் வரிசையாக நிறுத்தினேன். வருஷத்துக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து வரும் வாடிக்கைக்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள், மேஜையைப் பார்த்தார்கள், சிரிப்பை நிறுத்தினார்கள். உங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர், ஊதாத் தொப்பி போட்டவர், தாழ்ந்த குரலில், “அந்தம்மா இந்த வருஷம் இல்லைங்களா?” என்றார். “இல்லைங்க. ஜனவரியில படியில விழுந்துட்டா” என்றேன். “ஐயோ பாவம். ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?” “ஒரு நிமிஷம்தான் வலி. அப்புறம் சத்தமே இல்லை” என்றேன். நான் சொன்னது மரத்துப்போகிற ஊசியைப் பற்றி. “இதெல்லாம் அவங்க ஞாபகமா நீங்களே செஞ்சீங்களா?” “ஆமாங்க, அவளுக்காகத்தான் செஞ்சேன்” என்றேன், அதுவும் உண்மைதானே. அவர் கண் கலங்கிக் கைகூப்பி, பையிலிருந்து ஒரு கட்டு ஊதுபத்தி எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்து ஓர் ஆரஞ்சுப் பழம் வைத்தார். பதினோரு மணிக்குள் என் மேஜையில் ஏழு ஆரஞ்சும் மூன்று கட்டு ஊதுபத்தியும் சேர்ந்துவிட்டன, ஒரு பொம்மைகூட விற்கவில்லை. இந்த ஊர் ஜனங்களுக்குத்தான் என்ன பாசம் என்று நான் நெகிழ்ந்துபோயிருந்தேன்.

அப்போது ஓனுகி அம்மாள் சந்தைத் தலைவர் ஹிராகியைக் கையோடு அழைத்து வந்தார். “பெண் குழந்தைங்க நல்லா இருக்கணும்னு கும்பிடற பண்டிகைங்க இது. இங்க நாற்பது பொணத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்காரு. நீங்களே பாருங்க” என்றார். ஹிராகி குனிந்து பார்த்தார், நானும் குனிந்து பார்த்தேன், என் சட்டையில் எந்தப் பக்கம் மேலே என்று பித்தானைத் தடவிப் பார்த்தேன், மறுபடி பொம்மையைப் பார்த்தேன், நாற்பதுக்கும் மடிப்பு மாறியிருந்தது. “தொகுஜி, தப்பா நினைச்சுக்காதே. இதையெல்லாம் இப்பவே எடுத்தாகணும்” என்றார் ஹிராகி. எடுத்தால் மேஜை காலி, காலியானால் இடம் போச்சு. ஓனுகி அம்மாள் அதற்குள் ஒரு பூனையைக் கொண்டுவந்து கல்விளக்கின்மேல் உட்கார வைத்துவிட்டார், அளவு பார்க்கிறாராம்.

அந்தப் பூனையைப் பார்த்ததும் எனக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நொபுகோவின் முதுகு ஞாபகம் வந்தது. பூனையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “எடுக்க மாட்டேங்க. மாத்துறேன். இங்கயே, இப்பவே, ஒண்ணொண்ணா. கடைசி பொம்மை மாறுற வரைக்கும் இந்த மேஜை காலி இல்லை” என்றேன். ஹிராகி தலையாட்டினார். சூடான அரிசிப் பானம் விற்கும் பக்கத்துக் கடையில் கொதிக்கிற கெண்டி ஒன்றைக் கடன் வாங்கினேன். சோற்றுப்பசைக்கு ஆவி பட்டால் இளகும் என்பது எத்தனையோ பொம்மைகளைப் பாழாக்கித் தெரிந்துகொண்ட பாடம். பொம்மையை ஆவியில் காட்டி, மூங்கில் சீவலால் மடிப்பைப் பிரித்து, இடதை வலதின்மேல் போட்டு, அழுத்தி, விரல் நீட்டி, “மடிப்பு, சரி” என்றேன். மூன்றாவது பொம்மைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. “செத்தவங்களை எழுப்புறாருடா” என்று ஒருவன் கத்தினான். பத்தாவதிலிருந்து கூட்டமே என்னோடு சேர்ந்து விரல் நீட்டி “சரி” போட்டது. எழுந்த பொம்மையை எழுந்த சூட்டோடு ஆளாளுக்கு வாங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும் மாற்றாத பொம்மை ஒன்றைக் காட்டி, “இதை இப்படியே குடுங்க. வீட்டுக்காரி போய் ரெண்டு மாசம் ஆச்சு. அவ படத்துக்கிட்ட துணைக்கு வைக்கிறேன்” என்றார். அவருக்குக் காகிதத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றிக் கொடுத்தேன். இருபத்தேழாவது பொம்மை ஆவியில் இருக்கும்போது கூட்டம் விலகி வழிவிட்டது, பார்த்தால் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு நொபுகோ நிற்கிறாள். ஊதுபத்திகளைப் பார்த்தாள், ஆரஞ்சுகளைப் பார்த்தாள், பொம்மைகளைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். “எனக்கு எப்பங்க காரியம்?” என்றாள். பிறகு மேஜைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, தன் காரியத்துக்கு வந்த ஆரஞ்சைத் தான் தின்னாமல் வேறு யார் தின்பது என்று இடது கையாலேயே உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

மூடும் மணி அடித்தபோது நாற்பதாவது பொம்மை மேஜையில் நின்றுகொண்டிருந்தது. இடம் எங்களுடையது என்று ஹிராகி நோட்டில் எழுதிக்கொண்டார். ஊதாத் தொப்பிப் பெண்மணி மட்டும் முன்னமே ரயில் ஏறிவிட்டார், அவர் சொல்லித்தான் உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். தயவுசெய்து அவர் வீட்டுக்குப் போய், நொபுகோ இருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள். ஊதுபத்தியைத் திருப்பி அனுப்புகிறேன்.

அக்கா, ஒரு தடவை தடுக்கினால் உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை உங்கள் தம்பி. அடுத்த வருஷம் எண்பது பொம்மைகள் செய்வதாக முடிவு செய்துவிட்டேன். பழைய படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. புதிய படத்தைச் சரியாக வரைந்து, போன தடவைபோல் ஆகிவிடக் கூடாதே என்று கண்ணாடியிலும் ஒரு முறை காட்டி, அதில் தெரிந்தபடி திருத்திக்கொண்டேன். அதன்படி செய்த முதல் பொம்மையை இத்துடன் உங்களுக்கு அனுப்புகிறேன். இனி என் கையில் பிழை வராது என்பதற்கு அது சாட்சி. தலை, சரி. மடிப்பு, சரி. உறை, சரி.

அத்தானும் நீங்களும் பல்லும் பார்வையும் குறையாமல் நூறு வசந்தம் பார்க்க வேண்டும் என்று வேண்டும்,

உங்கள் தம்பி
தொகுஜி

பின்குறிப்பு: அண்ணி, நொபுகோ எழுதுகிறேன். இடது கை, எழுத்துக் கோணலை மன்னிக்கவும். அவர் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். உறைக்குள் இருக்கும் பொம்மையைப் பார்த்தேன். மடிப்பு மறுபடியும் பிணத்துக்கு உடுத்தியதுதான். நான் திருத்தவில்லை. தந்தியில் நீங்கள் அவ்வளவு புகழ்ந்தீர்களே, அந்த நொபுகோ இந்தப் பொம்மைதான், உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். உயிரோடு இருப்பவள் செர்ரி பூத்ததும் ஒரு ஜாடி ஊறுகாயோடு நேரில் வருகிறாள். தந்தியையும் கொண்டு வருகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும்.