ஒரு சென்டிமீட்டர்

ஏழு வருடம் காத்திருந்து வாங்கிய குடியுரிமைச் சான்றிதழை டிபன் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, லிஃப்ட் மெக்கானிக் அந்தச் செவ்வாய்க்கிழமையும் வழக்கம்போல் குடியுரிமை அலுவலகத்தின் நான்காவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்.

அங்கே லிஃப்ட் நின்று ஐந்து வருடமாகிறது. பத்தே நிமிடத்தில் சரிசெய்து தருகிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "அரசாங்க மெஷினைக் குடிமக்கள்தான் தொடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தாராளமாகத் தொடலாம். தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

விஷயம் இதுதான். முடிவு வரும்வரை விண்ணப்பதாரர்கள் செவ்வாய்தோறும் நேரில் வந்து, ஃபைல் நம்பர் வரிசைப்படி பெஞ்சில் உட்கார வேண்டும். அவருடைய நம்பர் 4417. பக்கத்தில் 4418, ஒரு நர்ஸ். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. மெக்கானிக்குக்கும் மனைவி போய்ப் பத்து வருடமாகிறது. முதல் வருடம் இருவருக்கும் பேச்சே இல்லை. இரண்டாம் வருடம் "மணி என்ன?" வரைக்கும் வந்தது. மூன்றாம் வருடம் நர்ஸின் பிளாஸ்க்கோடு இரண்டாவது டம்ளர் ஒன்று வந்து சேர்ந்தது. அந்த டம்ளரை நம்பித்தான் மெக்கானிக்கின் வாரமே ஓடிக்கொண்டிருந்தது.

போன வியாழக்கிழமை திடீரென்று கூப்பிட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷமாக வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இனிமேல் செவ்வாய்க்கிழமை வர வேண்டியதில்லை!

மனதில் இருப்பதை அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதற்கெல்லாம் ஒரு தைரியம் வேண்டும். பாதி அறுந்த கேபிளில் தொங்கும் லிஃப்டுக்குள் இறங்குகிற மனிதருக்கு அது மட்டும் இல்லை.

நான்காவது மாடி வாசலில் காவலாளி மறித்தார். "உங்களுக்குத்தான் கொடுத்தாச்சே சார்?"

"இங்க ஃபேன் காத்து நல்லா வருது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனே."

காவலாளி ஃபேனைப் பார்த்தார். அது சுற்றவில்லை.

"உக்காருங்க" என்றார்.

நர்ஸ் ஏற்கெனவே வந்திருந்தார். "ஏதாவது தகவல் உண்டா மெக்கானிக் சார்?"

"போட்டோ சரியில்லையாம் நர்ஸம்மா." வாயில் வந்ததைச் சொன்னார். "உங்களுக்கு?"

"எனக்கென்ன, அதே கதைதான்" என்று நர்ஸ் டீயை ஊற்றினார்.

அதோடு விட்டாரா? அன்றைக்கே அவரைக் கையோடு ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போனார். தன் சீப்பால் தானே தலையைச் சீவிவிட்டு, எட்டு காப்பி எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் மூன்று நாள் தலைக்குக் குளிக்கவில்லை.

அடுத்த செவ்வாய், "போட்டோ கொடுத்தீங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

"கொடுத்தேன். இப்போ கைரேகை தெரியலையாம். கிரீஸ் ஊறின கை, பாருங்க."

நர்ஸ் கைப்பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்து, பத்து விரலிலும் ஒவ்வொன்றாகத் தடவிவிட்டார். நல்ல களிம்பு. ஒரே வாரத்தில் ரேகை பளிச்சென்று தெரிந்து தொலைத்தது.

மூன்றாவது செவ்வாய் நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு மனுஷனை இப்படியா அலைக்கழிப்பாங்க? பெரிய அதிகாரிக்கு நானே மனு எழுதறேன். 4417-ஐக் கையில எடுத்து, என்ன ஏதுன்னு பாக்கட்டும்."

"ஐயோ, வேண்டாம்மா! எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்?"

"நீங்க சும்மா இருங்க. அடுத்த செவ்வாய் மனுவோட வரேன்."

அதிகாரி ஃபைலைத் திறந்தால் கதை கந்தலாகிவிடும். பொய்யை உண்மையாக்குவதைத் தவிர மெக்கானிக்குக்கு வேறு வழி தோன்றவில்லை. மறுநாளே தனியாக வந்து கவுண்ட்டரில் சான்றிதழை நீட்டினார்.

"இதுல உயரம் தப்பா இருக்கு சார். ஒரு சென்டிமீட்டர் குறைக்கணும்."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு சென்டிமீட்டருக்காகவா? யோசிச்சுக்கோங்க. திருத்தி வர்ற வரைக்கும் நீங்க குடிமகன் இல்லை. பழையபடி செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து உக்காரணும். குறைஞ்சது நாலு வருஷம் ஆகும்."

"நாலு வருஷமா!" மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "கையெழுத்து எங்க போடணும்?"

அடுத்த செவ்வாய் நர்ஸ் சொன்னபடி மனுவோடு வந்தார். மெக்கானிக் முந்திக்கொண்டு ரசீதை நீட்டினார். "மனுவெல்லாம் எதுக்குங்க? பாருங்க, உயரத்துல ஒரு சின்னத் திருத்தம்தானாம். நாலு வருஷத்துல முடிஞ்சிடும்."

நர்ஸ் அந்த ரசீதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மனுவை நான்காகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு டீ ஊற்றினார்.

மெக்கானிக்குக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அன்று படியிறங்கும்போது நர்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றார். ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வந்த கண்கள் சிவந்திருந்தன. நாம் ஆசைப்பட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம், இந்த அம்மா என்ன பாவம் செய்தார் என்று மெக்கானிக்குக்கு மனசு அறுத்தது. அவருடையது தன் ஃபைலுக்கு அடுத்த ஃபைல்தான். ஆனால் அந்த அலுவலகத்தில் பத்துக்கு அடுத்துப் பதினொன்று வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

அந்த வாரம் உட்கார்ந்து அவரே ஒரு மனு எழுதினார். 4418-ஆம் விண்ணப்பதாரரை இனியும் ஒரு படிகூட ஏறவைக்காமல் உடனே குடியுரிமை தர வேண்டும் என்று கேட்டிருந்தார். கிடைத்த அன்றே இரண்டாவது டம்ளர் போய்விடும் என்பது தெரிந்துதான் எழுதினார். கையெழுத்துப் போடும்போது கண் கலங்கி எழுத்து மறைந்தது. போனால் போகட்டும், அவராவது நன்றாக இருக்கட்டும் என்று துடைத்துக்கொண்டு போட்டார்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வருமுன்பே போய், மனுவைக் காவலாளியிடம் கொடுத்தார். "இதைப் பெரிய அதிகாரி மேஜையில வெச்சிடுங்க. நான் கொடுத்தேன்னு அந்தம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

காவலாளி மனுவை ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். சுற்றாத ஃபேனை ஒரு பார்வை பார்த்தார்.

"இவங்களுக்கா? உங்களுக்குக் கொடுத்த மறுநாளே கொடுத்தாச்சே சார்! இத்தனை நாளும் ஃபேன் காத்துக்காகத்தான் வந்துட்டிருந்தாங்க. போன புதன்கிழமைதான், ஒரு சென்டிமீட்டர் கூட்டணும்னு சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனாங்க."