அப்பாவுக்கு வந்த கழுத்துவலி

தண்ணீர் மோட்டார் எரிந்துபோன அன்று காலையில் அப்பா ஒரு முடிவு எடுத்தார். தனக்குக் கழுத்துவலி.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. தண்ணீர் கீழே குழாயில். நடுவில் படிக்கட்டு. அம்மா காலி வாளியை அவர் காலடியில் வைத்தாள். அவ்வளவுதான். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"என்னங்க, இன்னைக்கு மட்டும். என் வலது கை சுத்தமா பேச்சு கேக்க மாட்டேங்குது."

"உனக்குக் கைதான். எனக்குக் கழுத்தே போச்சு."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா. நான் உன்னை மாதிரி வெளிய சொல்றதில்ல."

அப்பாவுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கிற வேலை. அதையும் உட்கார்ந்துகொண்டேதான் கிழிப்பார். அந்தக் காகிதத்தைவிடக் கனமான எதையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். அதனால் பகலில் இந்த வீட்டில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா கையிலிருந்து கத்தரிக்கோல் தானாக விழும். ஊசியில் நூல் கோக்க வராது. கழுத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்குது என்பாள். ஒரு வருஷமாகச் சொல்கிறாள். ஒரு வருஷமாக அப்பாவிடம் ஒரே பதில்.

"தலகாணிய மாத்திப் போட்டுப் படு."

தலகாணி எல்லாம் மாற்றியாகிவிட்டது. பாக்கி இருப்பது வீட்டுத் தலை மட்டும்தான்.

அன்று அம்மா சண்டை போடவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம்.

"கழுத்துன்னா சும்மா விடக்கூடாதுங்க. இன்னைக்கே நரம்பு டாக்டரைப் பாத்துடுவோம்."

அப்பா முழித்தார். "டாக்டரா? எதுக்கு? தலகாணிய..."

"என் கழுத்தா இருந்தா தலகாணி போதும். இது உங்க கழுத்துங்க."

பின்வாங்கினால் வாளி. கிளம்பிவிட்டார்.

டாக்டர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. உட்கார்ந்ததும் அம்மா வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான்.

"கைய எடு. எழவு வீட்ல உக்காந்திருக்கிற மாதிரி! எனக்கு ஒண்ணுமே ஆகல, அதுக்குள்ள ஒப்பாரியா?"

"ஒண்ணுமே ஆகலையாப்பா?" என்றேன்.

"நீ வாய மூடு."

உள்ளே இருந்த டாக்டர் ஒரு பெண், எங்கள் அம்மா வயது. "சொல்லுங்க" என்றார். அப்பா சொன்னார். கழுத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் கரண்ட். கத்தரிக்கோல் தானா விழுது. ஊசியில நூல் கோக்க வரல.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டோக்கன் கிழிக்கிறேன்."

"கத்தரிக்கோல் எதுக்கு?"

"வீட்ல... ஒத்தாசை."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. அம்மா சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அத்தனையும் விழுந்திருக்கிறது. ஒரு வார்த்தை பிசகாமல் மனப்பாடம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் தலகாணியை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அப்பாவின் தலையை வலது பக்கம் சாய்த்து, உச்சியில் மெதுவாக அழுத்தினார்.

"எங்க வலிக்குது?"

"முட்டியில."

"கை முட்டியா?"

"கால்."

"எந்த விரல் மரத்துப்போகுது?"

"பத்தும்." கொஞ்சம் யோசித்தார். "கால் விரலும்."

"கையத் தூக்கித் தலைமேல வைங்க. இப்ப எப்படி இருக்கு?"

இதிலாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கட்டடமே அதிரக் கத்தினார். "ஐயோ! உயிர் போகுதே!"

"போகாது. கழுத்துல நரம்பு நசுங்கினவங்களுக்கு இப்படி வச்சாத்தான் போன உயிர் திரும்பி வரும். இழுபடுற நரம்பு கொஞ்சம் தளரும்."

சொல்லிக்கொண்டே டாக்டர் நிமிர்ந்தார். எதிரில் அம்மா. கை தலைமேல். அப்பா எடுக்கச் சொன்ன அதே கை.

"நீங்க எத்தனை நாளா இப்படி உக்காந்திருக்கீங்க?"

"தைக்காத நேரமெல்லாம் இப்படித்தாங்க. இப்படி வச்சாத்தான் மூச்சு விட முடியுது."

"நீங்க வாங்கம்மா. சார், எந்திரிங்க."

அதே மாதிரி சாய்த்தார். அதே இடத்தில் அழுத்தினார். அம்மா கத்தவில்லை. பல்லைக் கடித்தாள். கண் நிறைந்துவிட்டது. "கட்டைவிரல், அதுக்குப் பக்கத்து விரல்" என்றாள், கேட்பதற்கு முன்னாலேயே. முழங்கை மடிப்பில் சின்னச் சுத்தியலால் தட்டினார். இடது கை துள்ளியது. வலது கை சும்மா கிடந்தது.

"வலி கையில தெரியுது. கோளாறு கழுத்துல. நரம்பு எலும்புக்கு நடுவுலேருந்து வெளிய வர்ற இடத்துலயே நசுங்குது. கையில பலமும் கொறஞ்சிருக்கு, ஸ்கேன் எடுக்கணும். இன்னும் விட்டிருந்தா கத்தரிக்கோல் பிடிக்கவே முடியாமப் போயிருக்கும். ஏன் இத்தனை நாள் வரல?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

"இவங்க எதையும் தூக்கக்கூடாது. தையலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

"இவர் கழுத்துங்க, டாக்டர்?" என்றாள் அம்மா. அப்படி ஒரு அக்கறை.

"அருமையான கழுத்து. என்ன வேணும்னாலும் தூக்கலாம்."

"இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. அவருக்குக் காது கேக்கும், ஆனா கேக்காது."

திரும்பும்போது அப்பா முன்னால் போனார். நான் அம்மாவிடம் கேட்டேன். "நீ வேணும்னேதான் கூட்டிட்டுப் போன?"

"எனக்கு வலின்னா இந்த வீட்ல தலகாணி. அவருக்கு வலின்னாதான் டாக்டர். எத்தனை நாளா அவர் கழுத்துக்காகக் காத்திருக்கேன் தெரியுமா?" என்றாள். சிரிக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் மேலே ஏற ஆரம்பித்தது. அப்பா கையில்தான். இரண்டாவது நடையிலேயே பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையும் தலைமேல்.

அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கைய எடுங்க. எழவு வீட்ல உக்காந்திருக்கிற மாதிரி! டிரம் இன்னும் பாதிகூட நிரம்பல."